மாப்பிள்ளையோடு உட்கார்ந்த வண்டி

எங்கள் வீட்டில் பொறாமையை யாரும் கெட்ட குணமாக எண்ணியதில்லை. "எங்களுக்கென்ன, பொறாமையா?" என்று ஆரம்பித்துத்தான் அம்மா சித்தப்பாவின் காரைப் பற்றிப் பேசுவாள். ஆரம்பித்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நிறுத்தமாட்டாள். அப்பா அதுகூடப் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே அந்த ஹார்ன் சத்தம் கேட்டதும், படித்துக்கொண்டிருக்கும் பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். எனக்கு ஒன்பது வயது. முகத்தை மறைத்துக்கொள்ளப் பேப்பர் கிடையாது. ஜன்னல் கம்பியில் கன்னத்தைப் பதித்துக்கொண்டு வெளிப்படையாகவே வயிறு எரிவேன்.

நாங்கள் பம்பாய் மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில், இரண்டு அறைக்குள் நாலு பேர்: அப்பா, அம்மா, ஆபீஸில் டைப் அடிக்கும் அக்கா, நான். சித்தப்பா செம்பூரில் வாழைமரம் வைத்த தனி வீட்டில் இருந்தார். அவருக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் பெரிய வேலை. அங்கே மேலதிகாரியாக இருந்த பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் காரைச் சித்தப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனார். "பெரிய மனசு பண்ணிக் குடுத்தார்" என்று சித்தப்பா சொல்வார். "கழிச்சுக் கட்டிட்டுப் போனான்" என்று அம்மா சொல்வாள்.

அந்தக் காரைப் போல இன்னொன்றைப் பம்பாயில் நான் பார்த்ததில்லை. நீண்ட மூக்கு, சரிந்து குறுகும் பின்பக்கம், இடப்பக்கம் வைத்த ஸ்டியரிங். அந்த ஸ்டியரிங் சக்கரத்துக்குள்ளே ஒரே ஒரு கம்பிதான் இருக்கும். இதெல்லாம் போகட்டும். அந்த வண்டி உட்காரும், எழுந்திருக்கும். ஊரில் மற்ற வண்டிகளுக்கெல்லாம் அடியில் இரும்பு ஸ்பிரிங் என்றால் இதற்கு மட்டும் எண்ணெயும் காற்றும் அடைத்த இரும்பு உருண்டைகள், சக்கரத்துக்கு ஒன்று. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால் கொஞ்ச நேரத்தில் மெல்ல மெல்லத் தணிந்து, வயிறு தரையில் பட்டுவிடுமோ என்று தோன்றுகிற அளவுக்குப் படுத்துவிடும். மறுபடி எஞ்சினைப் போட்டால் முதலில் பின்பக்கம் எழும், அப்புறம் முன்பக்கம். தபேலா என்கிற பம்பாய் மாட்டுக் கொட்டிலில் எருமை எழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை தெரியும். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு "உட்டோ! உட்டோ!" என்று ஹிந்தியில் அதை எழுந்திருக்கச் சொல்லிக் கூச்சல் போடுவார்கள். எழுந்ததும் கைதட்டுவார்கள். நான் முதல் வகுப்பில் பாஸானபோதுகூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

சித்தப்பாவுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒரு வித்தை உண்டு. புதிதாக யாரையாவது ஏற்றிக்கொண்டால் கையில் ஒரு டம்ளர் நிறையக் காப்பியைக் கொடுத்துவிடுவார். டிராம்பே ரோட்டில் இருக்கிற குழிகளை எல்லாம் தேடித் தேடி இறக்குவார். காப்பி தளும்பும், சிந்தாது. ஒருமுறை அந்த டம்ளரை என்னிடம் கொடுத்தார். நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் சிந்தவேண்டும், சிந்தவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டே பிடித்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. "எப்படி?" என்று சித்தப்பா கேட்டார். "காப்பி ஆறிப்போயிடுத்து" என்றேன்.

அந்த வண்டியிலும் குறை இல்லாமலில்லை. நின்ற இடமெல்லாம் எண்ணெய் சொட்டும். உருண்டைகளுக்குள் ஊற்றுகிற எண்ணெய் பிரான்ஸிலிருந்து வரவேண்டும், வராது. அந்தக் காலத்து எண்ணெய்க்கு மூலச் சரக்கு ஆமணக்குத்தான் என்று யாரோ மெக்கானிக் சொல்லப்போக, சித்தப்பா மாட்டுங்கா மார்க்கெட் நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்க ஆரம்பித்தார். எதையோ கலந்து ஊற்றுவார். வண்டியும் ஏற்றுக்கொண்டது. அம்மாவுக்கு அந்த ஒரு மாதம் தீபாவளி. "எங்காத்துக் கொழந்தேளுக்கு மூணு மாசத்துக்கு ஒருதரம் விளக்கெண்ணெய், அவாத்து வண்டிக்கு வாரா வாரம்" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாகூடப் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார்.

ஆனால் என் வயிற்றெரிச்சலுக்கு விளக்கெண்ணெய் போதவில்லை. காரணம், சித்தப்பாவின் பெண். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஒரே பெண். முழங்கால் வரைக்கும் ஃபிராக் போடுவாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருப்பாள், தெருப் பையன்களோடு ஹிந்தியில் சரிக்குச் சரி நிற்பாள். அதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். அந்த வண்டியில் ஓட்டுகிறவரின் காலுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் உண்டு. எஞ்சின் ஓடும்போது அதைக் கீழே அழுத்தினால் வண்டி உட்காரும். மேலே தள்ளினால் எழுந்திருக்கும். அந்த லீவர் அவள் சொத்து. சித்தப்பா வண்டியை நிறுத்தி இறங்கியதும், அவள் சீட்டில் சறுக்கிக்கொண்டு அவர் இடத்துக்கு வருவாள். குனிந்து கையை வைப்பாள். வண்டி இறங்கும். பிள்ளைகள் கத்தும். வண்டி ஏறும். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "ஒருதரம் எனக்குக் குடேன்" என்று நான் கேட்காத வாரம் இல்லை. "நோக்கு பலம் போறாது" என்று கொடுக்காத வாரமும் இல்லை.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. திடீரென்றுதான் நிச்சயமாயிற்று. தாதர் ஸ்டேஷன் பாலத்தில் அக்காவை யாரோடோ பார்த்ததாக உறவுக்காரர் ஒருவர் வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மறுநாளிலிருந்து அக்கா ஆபீஸுக்குப் போகவில்லை. அவளுடைய ஆபீஸ் டிபன் டப்பா எனக்குக் கிடைத்தது. மூடியில் கொக்கி வைத்த நல்ல டப்பா. அக்கா வீட்டோடு இருப்பதில் எனக்கு அதனால் இரட்டைச் சந்தோஷம்.

மாப்பிள்ளை நாக்பூரில் வேலையாக இருந்தார். அவருடைய வீட்டில் எல்லாம் அவருடைய அத்தை வைத்ததுதான் சட்டம். அந்த அத்தை சகுனம் பார்க்கிறவள். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது, மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே பூனை குறுக்கே ஓடிற்று என்று அத்தனை பேரையும் அப்படியே திருப்பி ரயிலேற்றிக் கூட்டிப்போய்விட்டாள். எங்கள் வீட்டில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் ஆறிப்போயின. மறு வாரம்தான் மறுபடி வந்தார்கள். அந்த ஒரு வாரமும் அக்கா வீட்டில் பாடிக்கொண்டே வேலை செய்ததும், அவர்கள் மறுபடி வந்ததும் பாட்டு நின்றுபோனதும் எனக்கு நினைவிருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டது என்று அம்மா மிளகுக் கஷாயம் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் காரில் உட்காரவைத்து மேளதாளத்தோடு அழைத்து வரவேண்டும். ஜானவாசக் கார் என்றால் மேலே கூரை இல்லாமல் திறந்திருக்க வேண்டும், ஊரெல்லாம் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது வழக்கம். அப்பா அப்படி ஒரு வாடகைக் காருக்குச் சொல்லியும் வைத்திருந்தார். சித்தப்பா கேட்கவில்லை.

"அண்ணா, என் வண்டி இருக்கச்சே வாடகை வண்டியா? ஊர் சிரிக்கும்."

"டாப் மூடியிருக்கேடா. மாப்பிள்ளை மூஞ்சி தெரிய வேண்டாமா?"

"கண்ணாடி எவ்வளவு பெரிசு பாருங்கோ! அப்புறம், தெருமுனைக்குத் தெருமுனை வண்டி மாப்பிள்ளைக்கு நமஸ்காரம் பண்ணும். எந்த ஜானவாசத்துல பார்த்திருக்கேள்?"

தம்பியின் தயவு வேண்டாம் என்று சொல்லவும் அப்பாவுக்கு வாய் வரவில்லை, சரி என்று சொல்லவும் வரவில்லை. பேப்பரைத் தேடினார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு சித்தப்பா எழுந்துவிட்டார். போகும்போது என் தலையில் கையை வைத்து, "அக்கா கல்யாணம், ஒனக்கும் ஒரு சான்ஸ். வழியெல்லாம் அவ லீவர் போடுவா. மண்டப வாசல்ல கடைசித் தடவை நீ போடு" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கல்யாணத்தின் மேல் வந்த அக்கறை, அதை நிச்சயம் பண்ணிய அப்பாவுக்குக்கூட இருந்திருக்காது.

ஜானவாசத்தன்று மத்தியானம் மண்டபத்தில் அக்காவுக்கு மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டாள்.

"அந்த வண்டி சில சமயம் எழுந்திருக்காதாமே?" என்றாள்.

"எழுந்திருக்கும். லீவரைத் தள்ளினா எழுந்திருக்கும்."

"தள்ளலைன்னா?"

"உக்காந்தே இருக்கும். ஓட்ட முடியாது. ரோடு தட்டும்."

அக்கா உள்ளங்கையில் உதிர்ந்திருந்த மருதாணிப் பொடியை ஊதிவிட்டாள். "நீ ஏண்டி அதுல கை வெக்கணும்? லீவரை அவளே பார்த்துக்கட்டுமே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த அக்கா! என் ஒரே ஒரு முறையை அந்த ஃபிராக்குக்காரிக்கு விட்டுக்கொடுக்கச் சொல்கிறாள். எழுந்து வந்துவிட்டேன். பின்னால் ஒருதரம் பார்த்தபோது, சித்தப்பா பெண் மாடிப்படியில் அக்காவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா ஏதோ சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது. பணக்காரப் பெண் என்றால் அக்காவுக்கும் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. மோர் குடித்து அடக்கினேன்.

சாயங்காலம் வண்டி முழுக்க மல்லிகைச் சரம். பின் சீட்டில் கோட்டும் சூட்டும் மாலையுமாக மாப்பிள்ளை. அவரைச் சுற்றி அவர் வீட்டுப் பொடிசுகள். முன் சீட்டில் சித்தப்பா, நடுவில் அவர் பெண், கதவோரம் நான். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் தலையில் காஸ் விளக்கு தூக்கிய ஆட்கள், பின்னால் சீர்த்தட்டுகளோடு பெண்கள். மாப்பிள்ளையின் அத்தை வண்டியின் ஜன்னலை ஒட்டியே பட்டுப்புடவை சரசரக்க நடந்து வந்தாள். முதல் தெருமுனையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நாதஸ்வரம் நின்று வாசித்தது, சித்தப்பா இறங்கினார், அவள் நகர்ந்து உட்கார்ந்து லீவரை அழுத்தினாள், வண்டி தாழ்ந்தது, எழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மாப்பிள்ளை சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை. இன்னும் ஒரு முனை, அப்புறம் மண்டப வாசல், அப்புறம் நான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது முனையிலிருந்து மண்டபத்தின் மாடி ஜன்னல் தெரியும். சித்தப்பா இறங்கி, கூட்டத்துக்கு நடுவில் வண்டியின் பெருமையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி தாழ்ந்தது. நாதஸ்வரம் வாசித்து முடித்தது. வண்டி எழவில்லை.

தெருவில் நின்ற பையன்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. "அரே, காடி பைட் கயீ! தூல்ஹா பாரி ஹை!" என்று ஒருவன் கத்தினான். வண்டி உட்கார்ந்துவிட்டதாம், மாப்பிள்ளை கனமாம். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன இது? மாப்பிள்ளையோட வண்டி மண்ணுல உக்காந்துடுத்தே!" என்றாள்.

சித்தப்பா கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லை மாமி, நமஸ்காரம் பண்றது."

"நமஸ்காரம் பண்ணினா எழுந்திருக்க வேண்டாமா?" என்று அத்தை கேட்டாள். நியாயமான கேள்வி. "பூனை குறுக்கே போனப்பவே சொன்னேன், யாரு கேட்டா? எறங்குடா. இப்போ உள்ள போக வேண்டாம். விடியட்டும், யோசிச்சுண்டு சொல்றோம்."

மாப்பிள்ளையின் அப்பா கதவைத் திறக்கக் கையை நீட்டிவிட்டார். கூட்டத்தின் ஓரத்தில் அப்பா தெரிந்தார். தோளில் இருந்த அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் முகத்தை மறைக்க அன்றைக்குப் பேப்பர் இல்லை. அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"தள்ளேண்டி!" என்று நான் சித்தப்பா பெண்ணை உலுக்கினேன்.

"வரலை. மாட்டிண்டுடுத்து" என்றாள் என்னைப் பார்க்காமல்.

நான் குனிந்து பார்த்தேன். லீவர் எங்கேயும் மாட்டிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் அவள் அதைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தாள். எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. வண்டி இங்கேயே நின்றுவிட்டால் மண்டப வாசலுக்குப் போகாது. போகாவிட்டால் என் முறை வராது. எனக்கு ஒரே ஒரு தடவை கிடைக்கக்கூடாது என்பதற்காகக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிறாள், ராட்சசி! அவள் மடிமேல் ஏறி விழுந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நகத்தால் பிறாண்டினேன். "வேண்டாம்டி, சொன்னாக் கேளு, வேண்டாம்டி" என்றாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்லவேண்டும். அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை, அதனால் இன்னும் உற்சாகம் வந்தது. கையை விடுவித்து, பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை மேலே தள்ளினேன். பலம் போதும்தான்.

பின்பக்கம் எழுந்தது. ஒரு விநாடி நின்றது. முன்பக்கம் எழுந்தது. மல்லிகைச் சரங்கள் ஆடின. கூட்டம் "ஆ" என்றது. நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் மாதிரி ஒன்றை எடுத்து விளாசினார்.

"பார்த்தேளா மாமி? எழுந்திருந்து நிக்கறது, ராஜா மாதிரி!" என்று சித்தப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அத்தை ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "யாரு தூக்கினா? பொண்ணோட தங்கையா? லக்ஷ்மிகடாக்ஷம்டி நோக்கு!" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பா என்னைப் பார்த்துக் கைகூப்புகிற மாதிரி ஏதோ செய்தார். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அக்காவும் பார்த்திருக்கவேண்டுமே என்று மாடி ஜன்னலைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான் கையை ஆட்டினேன். அவள் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டாள். கொசுத் தொந்தரவு என்று நினைத்தேன்.

மண்டப வாசலில் என் முறை வரவேயில்லை. "போறும் விளையாட்டு" என்று சித்தப்பா லீவர் பக்கமே யாரையும் விடவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து, "ஸ்டேஷனுக்குக் கிளம்பற அன்னிக்கு நீதான்" என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

மறுநாள் முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. அதற்கு மறுநாள் அக்காவும் மாப்பிள்ளையும் நாக்பூருக்குக் கிளம்பினார்கள். வாசலில் வண்டி வழக்கம்போல் படுத்திருந்தது. சித்தப்பா எஞ்சினைப் போட்டு, லீவரைத் தாழ்த்தி வைத்துவிட்டு இறங்கி, "வாங்கோ எஜமானி" என்று என்னை ஓட்டுகிற சீட்டில் உட்காரவைத்தார். நான் நிதானமாகக் குனிந்தேன். கட்டடத்துப் பிள்ளைகள் "உட்டோ!" என்றார்கள். மேலே தள்ளினேன். வண்டி எழுந்தது. கைதட்டல் எனக்கே எனக்கு. உள்ளே நகர்ந்து உட்கார்ந்தேன். முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, "கெட்டிக்காரி!" என்று முதுகில் தட்டினார். நல்ல மனுஷர்தான்.

பின் சீட்டில் அம்மா, அக்கா, சித்தப்பா பெண். வண்டி தாதர் வழியாக வி.டி. ஸ்டேஷனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. தாதர் ஸ்டேஷன் பாலம் வந்தபோது அக்கா தலையை வெளியே திருப்பினாள். பாலம் போனபிறகும் திருப்பியபடியே இருந்தாள். நான் சீட்டின்மேல் மண்டிபோட்டுத் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த இரண்டு நாளாக என்னோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோடெல்லாம் குழி. வண்டி ஒன்றிலும் குலுங்கவில்லை. டம்ளரில் காப்பி வைத்திருந்தால் சிந்தியிருக்காது. அக்காதான் சத்தமில்லாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் அழுவாள் என்று அம்மா முன்னமே சொல்லிவைத்திருந்ததால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

எனக்குப் பொறுக்காமல் போனது வேறு. சித்தப்பா பெண்ணின் கையை அக்கா தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என் நகம் கீறிய இடங்களை, மருதாணிச் சிவப்பு மாறாத விரலால், ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். வண்டியைத் தூக்கியவள் நான். அத்தனை பேருக்கு முன்னால் அவளுடைய கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான். என் கையும் அன்றைக்கு வலிக்கத்தான் செய்தது. அதை ஏன் அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்று, வி.டி. வரும்வரை பொருமிக்கொண்டே போனேன்.